மாதச் சம்பளமும் சைட் பிஸ்னஸும்: வரியைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் காலையில் ஒப்பீஸ், மாலையில் இன்னொரு வருமானம் என்று ஓடுபவர்கள் நிறையப் பேர். வெள்ளவத்தையில் கேக் செய்து விற்பவர், கொட்டாஞ்சேனையில் ரியூசன் சொல்லிக் கொடுப்பவர், இரவில் வெளிநாட்டுக் கம்பனிக்கு டிசைன் செய்பவர், சனி ஞாயிறில் கல்யாண வீட்டுப் படம் எடுப்பவர் எல்லோருக்கும் சந்தேகம் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே உள்ள கணக்குகள் 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான 2025/2026 மதிப்பீட்டாண்டுக்கானவை.

சம்பளத்தில் மாதாமாதம் வரி வெட்டுகிறார்களே, சைட் பிஸ்னஸுக்குத் தனியாக வேறு வரி உண்டா?

தனி வரி கிடையாது. உங்களுக்கு ஒரே ஒரு வருமான வரிதான். சம்பளம், தொழில் லாபம், வீட்டு வாடகை, வங்கி வட்டி எல்லாவற்றையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு வரி பார்க்கிறார்கள். சம்பளத்தில் வெட்டப்படும் ஏ.பி.ஐ.டி., அதாவது முற்பணத் தனிநபர் வருமான வரி, அந்த மொத்த வரியில் நீங்கள் முன்கூட்டியே கட்டிய பங்கு மட்டும்தான்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சம்பளத்துக்கான வரியை உங்கள் கம்பனி கணக்குப் பார்த்து, வெட்டி, கட்டியும் விடுகிறது. கேக் வருமானத்துக்கு அதைச் செய்ய ஆளில்லை. நீங்களே கணக்குப் பார்க்க வேண்டும், நீங்களே பணத்தை ஒதுக்கி வைக்க வேண்டும், திகதி தவறாமல் நீங்களே கட்ட வேண்டும். வரி வீதத்தால் மாட்டிக்கொள்பவர்களைவிட, பணத்தை ஒதுக்கி வைக்காததால் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

18 இலட்சம் வரை வரி இல்லை என்கிறார்கள். என் கேக் வருமானம் வருடத்துக்கு 9 இலட்சம்தான். அப்படியென்றால் நான் ஒன்றும் கட்டத் தேவையில்லைதானே?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. 18 இலட்சம் என்ற தனிநபர் நிவாரணம் ஒரு ஆளுக்கு ஒரு வருடத்துக்கு ஒருமுறைதான். சம்பளத்துக்கு ஒரு 18, தொழிலுக்கு இன்னொரு 18 என்று இரண்டு தடவை கிடைக்காது. உங்கள் சம்பளம் மாதம் 150,000 ரூபாவைத் தாண்டினால், அந்த நிவாரணம் முழுவதையும் கம்பனி ஏற்கெனவே ஏ.பி.ஐ.டி. கணக்கில் பயன்படுத்தி முடித்திருக்கும். அதற்குப் பிறகு வரும் தொழில் லாபத்தில் முதல் ரூபாவிலிருந்தே வரி தொடங்கும்.

சம்பளம் அதைவிடக் குறைவென்றால் நிலைமை வேறு. மாதம் 120,000 ரூபா சம்பளம் என்றால் வருடத்துக்கு 1,440,000. இன்னும் 360,000 ரூபாவுக்கு இடமிருக்கிறது. ரியூசனில் மாதம் 30,000 ரூபா லாபம் வந்தால் மொத்தம் சரியாக 18 இலட்சம், வரி பூச்சியம். அதே ரியூசனில் மாதம் 40,000 என்றால் 120,000 ரூபா மேலே போகிறது. அதற்கு 6 சதவீதப்படி வருடத்துக்கு 7,200 ரூபா வரி. பயந்து ஒளிக்க வேண்டிய தொகை இல்லை.

வரி வீதங்கள் என்ன?

நிவாரணத்தைக் கழித்த பிறகு வரும் தொகையில் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். அடுத்த 5 இலட்சத்துக்கு 18, அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24, இன்னொரு 5 இலட்சத்துக்கு 30. அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் 36.

முந்தைய இரண்டு வருடங்களில் நிவாரணம் 12 இலட்சமாகவும், ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30, 36 என்று ஏறும் படியாகவும் இருந்தது. 2023இன் தொடக்கத்தில் வைத்தியர்கள், வங்கி ஊழியர்கள், பல்கலைக்கழக ஆசிரியர்கள் எல்லோரும் தெருவில் இறங்கியது இந்த வரியை எதிர்த்துத்தான். 2025 ஏப்ரலில் வந்த மாற்றம் நடுத்தரச் சம்பளக்காரருக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் 6இலிருந்து நேரே 18க்குத் தாவும் அந்தப் படி, சைட் பிஸ்னஸ் செய்பவர்களின் காலில்தான் அதிகம் இடிக்கிறது. ஏன் என்று அடுத்த கணக்கில் தெரியும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 200,000 ரூபா. வீட்டில் கேக் ஓடர் எடுக்கிறார். ஒரு சராசரி மாதத்தில் 130,000 ரூபாவுக்கு விற்கிறார். கோதுமை மா, பட்டர், முட்டை, ஐசிங் சீனி என்று பொருட்களுக்கு 38,000. பெட்டியும் போர்டும் 6,000. கொண்டுபோய்க் கொடுக்கும் கூலி 5,000. காஸ், கரண்ட் பில்லில் கேக்குக்குரிய பங்கு 4,000. டேட்டாவும் பேஸ்புக் விளம்பரமும் 2,000. செலவு மொத்தம் 55,000. மிஞ்சுவது 75,000, வருடத்துக்கு 9 இலட்சம்.

வருடச் சம்பளம் 24 இலட்சம், கேக் லாபம் 9 இலட்சம், மொத்தம் 33 இலட்சம். நிவாரணம் 18 இலட்சம் போக மிஞ்சுவது 15 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000, அடுத்த 5 இலட்சத்துக்கு 90,000. ஆக வருட வரி 150,000 ரூபா.

இதில் கம்பனி மாதம் 3,000 ரூபா வீதம் 36,000 ரூபாவை ஏற்கெனவே கட்டிவிட்டது. மீதி 114,000 ரூபாவை அவரே கட்ட வேண்டும்.

கவனியுங்கள். சம்பளத்துக்கு வருடம் முழுவதும் 36,000 கட்டியவர், சம்பளத்தில் பாதிகூட இல்லாத கேக் லாபத்துக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கட்டுகிறார். கேக்குக்குத் தனி வீதம் என்பதால் அல்ல. கேக் வருமானம் சம்பளத்துக்கு மேலே அடுக்கப்படுவதால் அதன் பெரும்பகுதி 18 சதவீதப் படியில் போய் உட்காருகிறது. இவர் மாதம் 10,000 ரூபாவைத் தனிக் கணக்கில் போட்டு வந்தால் வருட முடிவில் தடுமாறத் தேவையில்லை.

சம்பளம் என்றால் கைக்கு வரும் தொகையா, ஈ.பி.எஃப். வெட்டுவதற்கு முந்தைய தொகையா?

வெட்டுவதற்கு முந்தைய தொகை. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காகப் போகும் 8 சதவீதத்தை வரிக் கணக்கில் கழிக்க முடியாது. படிகளும் வருட போனஸும்கூட அதில் சேரும். கம்பனி தரும் டி-10 சான்றிதழில் உள்ள மொத்தத்தை எடுத்தால் குழப்பம் இல்லை.

வரி விற்பனைக்கா, லாபத்துக்கா? எந்தச் செலவுகளைக் கழிக்கலாம்?

லாபத்துக்குத்தான். அந்த வருமானத்தை ஈட்டுவதற்காகச் செய்த செலவைக் கழிக்கலாம், சொந்த வீட்டுச் செலவைக் கழிக்க முடியாது. சட்டத்தின் விதி இவ்வளவுதான், நடைமுறையில்தான் இழுபறி.

புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கிய பெட்டிகள், துணிகள், பாசிமணிகள் முழுக்கத் தொழில் செலவு. டராஸ் பிடித்துக்கொள்ளும் கொமிஷன், கூரியர் கட்டணம், கல்யாணப் படப்பிடிப்புக்கு நாள் சம்பளத்துக்குக் கூட்டிப்போன உதவியாளருக்குக் கொடுத்த பணம், தொழிலுக்காக எடுத்த கடனின் வட்டி எல்லாம் அப்படியே. கடனின் முதலைத் திருப்பிக் கட்டுவது செலவல்ல, வட்டி மட்டும்தான்.

வீட்டிலும் தொழிலிலும் கலந்து ஓடும் செலவுதான் சிக்கல். காஸ் சிலிண்டரில் பாதி வீட்டுச் சமையலுக்கு, பாதி கேக்குக்கு என்றால் பாதியைத்தான் எழுதலாம். போன் பில்லும் அப்படி, பெற்றோலும் அப்படி. எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு நியாயம் இருக்க வேண்டும். இத்தனை ஓடர், ஒரு ஓடருக்கு அடுப்பு இவ்வளவு நேரம் எரிகிறது என்று கொப்பியில் எழுதி வைத்த ஒரு பக்கம் போதும். வீட்டுக் கரண்ட் பில் முழுவதையும் தொழில் கணக்கில் போட்டால் மற்றச் செலவுகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

உங்கள் சொந்த உழைப்புக்குச் சம்பளம் போட்டுக் கழிக்க முடியாது. இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து ஐசிங் போட்டது சட்டத்தின் கண்ணில் செலவல்ல, லாபம். வாடிக்கையாளரை விருந்துக்கு அழைத்துப் போன செலவும், கட்டிய வருமான வரியும்கூடக் கழியாது.

லாப்டொப், கேமரா, கேக் சுடும் ஓவன் வாங்கினேன். அந்த வருடமே முழு விலையையும் கழிக்கலாமா?

முடியாது. இவற்றின் விலையை ஐந்து வருடங்களுக்குச் சமமாகப் பிரித்துக் கழிக்க வேண்டும். 300,000 ரூபா லாப்டொப் என்றால் வருடத்துக்கு 60,000. அதே லாப்டொப்பில் பாதி நேரம் பிள்ளைகள் படம் பார்க்கிறார்கள் என்றால் 30,000. வாங்கிய பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். பில் இல்லாமல் வாங்கினால் கொஞ்சம் மலிவு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். ஐந்து வருடக் கழிவை யோசித்துப் பார்த்தால் அது மலிவே இல்லை.

தொழிலில் நஷ்டம் வந்தால் சம்பள வரியைக் குறைக்கலாமா? திருப்பித் தருவார்களா?

இல்லை. தொழில் நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுசெய்ய முடியாது. வேறொரு தொழிலின் லாபத்தோடோ, வாடகை, வட்டி போன்ற முதலீட்டு வருமானத்தோடோ ஈடுசெய்யலாம். மிஞ்சுவதை அடுத்த ஆறு வருடங்களுக்குக் கொண்டுபோகலாம். அதனால்தான் முதல் வருடம் நஷ்டம் என்றாலும் அதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு வருடாவருடம் கொடுக்கும் வரி விபரத்திரட்டில் காட்டி வைக்க வேண்டும் என்று சொல்வது. இப்போது எழுதாத நஷ்டத்தை மூன்றாம் வருடம் லாபம் வந்த பிறகு யாரும் நம்பமாட்டார்கள்.

வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு ஒன்லைனில் வேலை செய்கிறேன். டொலரில் வரும் பணத்துக்கு வரி இல்லை என்று நண்பர் சொன்னாரே?

நண்பர் சொல்வது பழைய கதை. 2025 மார்ச் 31 வரை அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டில் பயன்படுத்தப்படும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் பணம் பெற்று, அதை வங்கி மூலம் இலங்கைக்குக் கொண்டுவந்தால் விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த விலக்கு போய்விட்டது. அதற்குப் பதிலாக, அதே நிபந்தனைகளோடு வரும் வருமானத்துக்கு உச்ச வீதம் 15 சதவீதம் என்று வரம்பு போட்டார்கள்.

சம்பளம் கூடியவருக்கு இது பெரிய வித்தியாசம். மாதம் 400,000 ரூபா சம்பளக்காரரின் வருட வரியே 600,000 ரூபா; அவர் ஏற்கெனவே 36 சதவீதப் படியில் நிற்கிறார். உள்ளூர் வேலை செய்து மேலதிகமாக 10 இலட்சம் லாபம் எடுத்தால் அதில் 360,000 வரி. அதே 10 இலட்சம் அப்வேர்க், ஃபைவர் போன்ற ஒன்லைன் வேலைத் தளங்கள் வழியாக வந்த வெளிநாட்டு வேலை என்றால் 150,000 ரூபாவைத் தாண்டாது.

ஆனால் “வங்கி மூலம்” என்ற நிபந்தனையை இலேசாக எடுக்க வேண்டாம். கிளையன்ட்டிடம் வாங்காமல், அவருடைய நாட்டில் இருக்கும் மச்சானின் கணக்கில் போடச் சொல்லி, இங்கே வங்கிக்கு வெளியே உண்டியல்காரரிடம் கைக்கு எடுத்தால் 15 சதவீத வரம்பு உங்களுக்கு இல்லை. சாதாரண வீதம்தான், 36 வரைக்கும் போகலாம். உண்டியலில் கூடக் கிடைக்கும் சில ரூபாவுக்காக இதை இழப்பது கணக்குத் தெரிந்தவர் செய்யும் வேலை அல்ல.

பேயோனியர் என்ற ஒன்லைன் பணச் சேவை வழியாக எடுப்பவர்கள் மூன்று காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். கிளையன்ட்டுக்கு அனுப்பிய இன்வொய்ஸ், பேயோனியர் மாத அறிக்கை, வங்கிக் கணக்கில் பணம் விழுந்த பக்கம். மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இன்வொய்ஸில் 500 டொலர், வங்கியில் வந்தது 480 டொலருக்கான ரூபா என்றால் இடையில் போன கட்டணம் செலவாக எழுதப்பட வேண்டிய தொகை. வருமானத்தை 480 என்று எழுதிவிட்டு மறுபடி கட்டணத்தையும் கழிப்பவர்கள் உண்டு; அது இரண்டு தடவை கழிப்பது.

இலங்கையில் வதிபவருக்கு உலகில் எங்கே உழைத்தாலும் அந்த வருமானம் இங்கே வரிக்கு உரியது. பணத்தை வெளிநாட்டுக் கணக்கிலேயே விட்டு வைத்தாலும் அப்படித்தான்.

தனியார் வளாகத்தில் சனிக்கிழமை விரிவுரை எடுக்கிறேன். 5 சதவீதம் வெட்டித் தருகிறார்கள். அதோடு முடிந்ததா?

முடியவில்லை. அது பிடித்துவைத்தல் வரி. ஆசிரியர், விரிவுரையாளர், வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி, மென்பொருள் உருவாக்குநர் போன்ற தனிநபர் சேவைக்கு மாதம் 100,000 ரூபாவுக்கு மேல் கொடுக்கும்போது 5 சதவீதத்தைப் பிடித்துத் திணைக்களத்துக்குக் கட்ட வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் உள்ள விதி. உங்கள் வருட வரியில் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். மீதி கட்ட வேண்டியிருந்தால் கட்ட வேண்டும். பிடித்ததற்கான சான்றிதழை அவர்களிடமிருந்து கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் தானாகத் தரமாட்டார்கள், அது இல்லாமல் கழிப்பது பெரும்பாடு.

இரண்டாவது இடத்தில் பகுதிநேர ஊழியராகவே சம்பளச் சீட்டோடு வேலை செய்தால்?

அது தொழில் வருமானம் அல்ல, இரண்டாவது வேலை வருமானம். அங்கே 18 இலட்ச நிவாரணம் பார்க்காமல் ஏ.பி.ஐ.டி. வெட்ட வேண்டும். இரண்டாவது முதலாளியிடம் முதல் வேலை இருப்பதைச் சொல்லாமல் விட்டால் இரண்டு பேரும் நிவாரணம் தந்து குறைவாக வெட்டுவார்கள். வருட முடிவில் அந்தக் குறை முழுவதும் உங்கள் தலையில். இன்னொன்று, சம்பளத்தில் செலவு எதையும் கழிக்க முடியாது. பஸ் காசு, பெற்றோல் எல்லாம் உங்கள் பாடு.

அனெக்ஸ் வாடகை, நிலையான வைப்பு வட்டி?

இவை முதலீட்டு வருமானம். வாடகையில் 25 சதவீதத்தைத் திருத்தவேலை, பராமரிப்புக்கென்று பில் இல்லாமலே கழிக்கலாம். வட்டியில் வங்கி 10 சதவீதம் பிடித்திருக்கும். 2025 ஏப்ரலுக்கு முன் அது 5. வட்டியையும் மொத்த வருமானத்தில் சேர்த்து, வங்கி பிடித்ததைக் கழிக்க வேண்டும். “வங்கி வெட்டிவிட்டதுதானே” என்று விபரத்திரட்டில் விட்டுவிட வேண்டாம். அது உங்கள் டின் இலக்கத்தோடு, அதாவது வரி அடையாள இலக்கத்தோடு, திணைக்களத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும்.

ஒரே ஒரு தடவை செய்த வியாபாரத்துக்கும் வரியா?

பழைய போனை விற்றது, வீட்டுக் கட்டிலை விற்றது எல்லாம் வியாபாரம் அல்ல. ஆனால் தீபாவளிக்கு இந்தியாவிலிருந்து ஐம்பது சேலை கொண்டுவந்து லாபத்துக்கு விற்றால், ஒருமுறை செய்தாலும் வியாபாரம்தான். வணிகத் தன்மையுள்ள தனித்த கொடுக்கல் வாங்கலும் தொழில் என்ற வரைவிலக்கணத்துக்குள் வரும்.

கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பும் காசு, சீட்டு எடுத்த காசு எல்லாம் என் கணக்கில் விழுகிறது. அதுவும் வருமானமா?

அண்ணா வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணம் உங்கள் வருமானம் அல்ல. நீங்கள் கட்டி எடுத்த சீட்டுக் காசும் உங்கள் சொந்தப் பணம்தான். கஷ்டம் என்னவென்றால், ஒரே கணக்கில் சம்பளம், கேக் காசு, அண்ணா காசு, சீட்டுக் காசு எல்லாம் கலந்து விழும்போது எது எது என்று மூன்று வருடம் கழித்து உங்களுக்கே ஞாபகம் இருக்காது. திணைக்களம் வங்கியிடம் தகவல் கேட்க முடியும். அப்போது விளக்கம் சொல்ல முடியாத ஒவ்வொரு வரவும் தொழில் வரவாகத்தான் தெரியும்.

ஆகவே தொழிலுக்கென்று ஒரு தனிச் சேமிப்புக் கணக்கு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுங்கள். வாடிக்கையாளர் போடும் பணம் எல்லாம் அதில் விழட்டும், பொருள் வாங்குவதும் அதிலிருந்தே போகட்டும். பாதிக் கணக்கு அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

மனைவியின் பெயரில் தொழிலைப் போட்டால் வரி குறையுமா?

கணவன், மனைவி இருவரும் தனித்தனி வரி செலுத்துநர். உண்மையாக மனைவிதான் தொழிலை நடத்துகிறார், பணமும் அவர் கணக்கில் வருகிறது, வாடிக்கையாளரோடு பேசுவதும் அவர்தான் என்றால் அது அவருடைய வருமானம். அவருக்கும் 18 இலட்ச நிவாரணம் முழுதாக உண்டு. வேறு வருமானம் இல்லாத மனைவிக்கு வருடம் 9 இலட்சம் கேக் லாபம் என்றால் வரியே இல்லை. ஆனால் உங்கள் டிசைன் வேலையை, உங்கள் பெயரில் உள்ள அப்வேர்க் கணக்கில் செய்துவிட்டு, காகிதத்தில் மட்டும் மனைவி பெயரைப் போடுவது நிற்காது.

வியாபாரப் பெயர் பதியாமல் செய்தால் வரி இல்லையா? பதிந்தால் வருமா?

இரண்டும் இல்லை. பதிவுக்கும் வரிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பதியாத தொழிலின் லாபமும் வரிக்கு உரியது. கடைப் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க, கம்பனிகளுக்கு பில் கொடுக்க, கடன் கேட்கப் பதிவு தேவைப்படும். அதைப் பிரதேச செயலகத்தில் செய்யலாம். வெள்ளவத்தை, கிருலப்பனைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம்.

டின் இலக்கம் எடுத்தாலே வரி கட்ட வேண்டுமா?

இல்லை. டின் என்பது அடையாள இலக்கம். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும் என்று 2024 முதல் சொல்லியிருக்கிறார்கள். வருமானம் எல்லைக்கு மேலே போனால்தான் வரி.

எப்போது கட்ட வேண்டும்?

நான்கு தவணை. 2025/2026க்கு 2025 ஆகஸ்ட் 15, நவம்பர் 15, 2026 பெப்ரவரி 15, மே 15. வருடக் கணக்கு முடிந்த பிறகு ஏதாவது மீதி இருந்தால் 2026 செப்டம்பர் 30க்குள். மேலே சொன்ன கேக் பெண் 114,000 ரூபாவை நான்காகப் பிரித்துத் தவணைக்கு 28,500 ரூபா கட்டுவார். வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் முதல் தவணை ஊகம்தான். நத்தார் மாதத்தில் ஓடர் குவிந்தால் பெப்ரவரித் தவணையில் கூட்டிக் கட்டலாம்.

விபரத்திரட்டு கட்டாயமா? எதை எல்லாம் எழுத வேண்டும்?

சம்பளத்துக்கு மேல் தொழில் வருமானமும் இருந்து வரி கட்ட வேண்டிய நிலையில் இருந்தால் கட்டாயம். கடைசித் திகதி நவம்பர் 30. 2025/2026க்கு 2026 நவம்பர் 30. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் டின் இலக்கத்தோடும் இரகசிய இலக்கத்தோடும் (PIN) உள்ளே போய் நிரப்பலாம். தமிழில் கேட்க வேண்டுமென்றால் 1944க்கு அழைக்கலாம். இல்லாவிட்டால் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள தலைமையகத்துக்கே போகலாம். நவம்பர் கடைசி வாரத்தில் மட்டும் போகாதீர்கள்.

வருமானப் பகுதியைவிட மக்களை அதிகம் குழப்புவது சொத்து, பொறுப்புகள் பகுதி. வீடு, காணி, வாகனம், வங்கி மிச்சம், நகை, கொடுத்த கடன், எடுத்த கடன் எல்லாம் அதில் வரும். வருடம் 20 இலட்சம் வருமானம் என்று எழுதிவிட்டு அந்த வருடமே 80 இலட்சத்துக்குக் கார் வாங்கியிருந்தால், மீதி 60 எங்கிருந்து வந்தது என்பதும் அதே விபரத்திரட்டில் தெரிய வேண்டும். லீசிங் என்றால் லீசிங், அம்மாவின் நகையை விற்றது என்றால் விற்ற பற்றுச்சீட்டு.

நான் வேலை செய்யும் கம்பனிக்குத் தெரிந்துவிடுமா?

வரித் திணைக்களம் சொல்லாது. உங்கள் விபரத்தை இரகசியமாக வைக்க அது சட்டப்படி கடமைப்பட்டது. ஆனால் உங்கள் நியமனக் கடிதத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். வெளி வேலைக்கு முன் அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை பல கம்பனிகளின் கடிதத்தில் உண்டு. அரச ஊழியருக்குத் தாபன விதிக்கோவையின்படி அனுமதி தேவை. வரி கட்டினேன் என்பது எச்.ஆரிடம் பதில் ஆகாது. கம்பனி அனுமதித்தது என்பது வரிக்குப் பதில் ஆகாது.

மூன்று வருடமாகச் செய்கிறேன், எதையும் காட்டவில்லை. இப்போது என்ன செய்வது?

நோட்டீஸ் வருமுன் நீங்களே போங்கள். பழைய வருடங்களை அந்தந்த வருடத்தின் நிவாரணத்திலும் வீதத்திலும் கணக்கிட வேண்டும். 2023/2024க்கும் 2024/2025க்கும் 12 இலட்சம். கட்டாத வரிக்கு மாதம் 1.5 சதவீதம் வட்டி ஓடும். விபரத்திரட்டைப் பிந்திக் கொடுப்பதற்கான தண்டப்பணம் அதைவிடக் கடுமை. கட்ட வேண்டிய வரியில் 5 சதவீதமும் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 சதவீதமும், அல்லது 50,000 ரூபாவும் மாதத்துக்கு 10,000 ரூபாவும், இதில் எது கூடவோ அது. உச்சம் 400,000 ரூபா. சின்ன வரிக்காரரை இந்த 50,000தான் விழுங்குகிறது. 7,200 ரூபா வரிக்கு இப்படி ஒரு தண்டம் நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

பழைய வருடங்களில் டொலர் வருமானம் மட்டும் வங்கி வழியாக வந்திருந்தால் பயம் குறைவு. 2025 மார்ச் வரை அதற்கு விலக்கு இருந்ததல்லவா. அதற்கான வங்கிப் பக்கங்களைத் தேடி எடுத்து வையுங்கள்.

வற் வரியும் வருமா?

வீட்டிலிருந்து செய்யும் தொழிலில் பெரும்பாலும் இல்லை. 2024 ஜனவரி முதல் எல்லை வருட விற்பனை 60 மில்லியன் ரூபாவாக இருந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 36 மில்லியனுக்கு இறக்க முன்மொழிந்தார்கள். மாதம் 30 இலட்சம் விற்கும் நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால் அதைச் சைட் பிஸ்னஸ் என்று சொல்வதே சந்தேகம்.

பில்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

குறைந்தது ஐந்து வருடம். கடைகளின் வெப்பத்தாள் பற்றுச்சீட்டு ஆறு மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, மாதம் ஒரு போல்டரில் போடுங்கள். வட்ஸ்அப்பில் வந்த ஓடர்களையும் அழிக்க வேண்டாம். போனை மாற்றும்போது முதலில் காணாமல் போவது அவைதான்.

இதற்கெல்லாம் ஓடிட்டர் வேண்டுமா?

சம்பளம் ஒன்று, தொழில் ஒன்று, வட்டி கொஞ்சம் என்றால் பொறுமையாக உட்கார்ந்து நீங்களே செய்துவிடலாம். வெளிநாட்டு வருமானமும் உள்ளூர்த் தொழிலும் கலந்திருந்தால், பழைய வருடங்கள் நிலுவையில் இருந்தால், அல்லது அந்த வருடம் வீடு, காணி வாங்கியிருந்தால் ஒருவரிடம் போவது நல்லது. போகும்போது பில் மூட்டையைக் கொண்டுபோய்க் கொட்டாமல், மாதவாரியாக வரவு, செலவு எழுதிய கொப்பியோடு போங்கள். மூட்டையைப் பிரிக்கும் நேரத்துக்கும் அவர் கட்டணம் எடுப்பார். அவர் நிரப்பித் தரும் விபரத்திரட்டை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் பொறுப்பு உங்களுக்குத்தான், அவருக்கல்ல.